மகிழ மரத்து மேடையும் அடுத்தவர் தோட்டங்களும்

போன மாதம் கவிதா என் வீட்டுக்கு வந்திருந்தார். கோவையில் ஒரு மருத்துவமனையில் இருபத்து மூன்று வருஷம் தோட்ட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அந்த வேலையில் இருப்பவர் கவிதா. தோட்டக்கலையில் பட்டம் வாங்கியவர். கைப்பேசியை நீட்டி ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் தோட்டப் படத்தைக் காட்டினார்.

"முன்வாசலை இப்படி மாத்தணும்னு நிர்வாகத்துல கேக்கறாங்க சார். நீங்க அந்தக் காலத்துல எதைப் பாத்து டிசைன் பண்ணுனீங்க? எந்தப் புத்தகம்?"

"புத்தகமெல்லாம் பெருசா ஒண்ணுமில்லீங்க. அடுத்தவங்க ஊட்டுத் தோட்டத்தைப் பாத்துத்தானுங்க" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நிஜம்தான் என்று தெரிந்ததும், "அப்படீன்னா அதை எழுதிக் குடுங்க சார், புதுசா வர்றவங்களுக்கு ஆகும்" என்றார். அதனால் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை விட்டுவிடுகிறேன். மகிழ மரத்தை வைத்தே சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

எனக்குச் சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். பத்தாவது முடித்ததும் கோவையில் ஒரு பஞ்சாலையின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பல வருஷம் அங்கேதான். வேலி கத்தரித்தேன், புல் வெட்டினேன், முதலாளி பங்களாவுக்கு ரோஜா வளர்த்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்யக் கற்றுக்கொண்டேன். அங்கே நல்ல கிணறு, நல்ல மண். எதை நட்டாலும் வந்தது. அதை என் கைராசி என்று நம்பிக்கொண்டிருந்தேன். தொண்ணூறில் மருத்துவமனையில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தபோது அந்தக் கைராசியையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் போனேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் நிர்வாக அலுவலர் ஸ்டெல்லா மேடம். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து முப்பத்தாறு. நர்ஸாகச் சேர்ந்து வார்டு சிஸ்டராகி, அப்புறம் நிர்வாகத்துக்கு வந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யார் போய் எதைச் சொன்னாலும் எழுந்து நின்றுதான் கேட்பார். உட்கார்ந்து கேட்டால் பேச்சு நீண்டுபோகிறதாம். கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, நாம் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் நின்று, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்:

"இது நீங்க பாத்ததா, கேட்டதா?"

பாதி அறிக்கைகள் அந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

சேர்ந்த வாரமே செடிப் பட்டியல் ஒன்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். ரோஜா, இட்லிப்பூ, குரோட்டன்ஸ், முன்வாசல் முழுக்கப் புல்தரை. மில்லில் இருந்த அத்தனையும் அதில் இருந்தன. மேடம் இரண்டு முறை படித்தார்.

"இதெல்லாம் நம்ம தண்ணிக்கு வருங்களா?"

"வருங்க மேடம்."

"பாத்ததா, கேட்டதா?"

நான் பார்த்தது மில் கிணற்றுத் தண்ணீரைத்தான். மருத்துவமனையில் நல்ல தண்ணீர் நோயாளிகளுக்கும் சமையலுக்கும் மட்டும்தான். தோட்டத்துக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். மேடம் பட்டியலை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இதே மாதிரி தண்ணி ஊத்தறவங்க ஊடு ஊருக்குள்ள எத்தனையோ இருக்கும். அங்க என்னென்ன உசுரோட இருக்குன்னு பாத்துட்டு வாங்க. சனிக்கிழமை மத்தியானம் உங்களுக்கு அதுதான் டூட்டி. பாத்துட்டு வந்து புதுசா எழுதுங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் தோட்ட வேலை பார்த்தவனை வீடு வீடாக எட்டிப் பார்க்கச் சொல்கிறாரே என்று மனைவியிடம் புலம்பினேன். ஆனாலும் போனேன்.

முதலில் போனது போத்தனூர் ரயில்வே குடியிருப்பு. ஒரு வீட்டு வாசலில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் அரளியும் மதில் உயரத்துக்கு நின்றன. கேட்டருகே நின்று, "ஏனுங்க, ஊட்ல யாருங்க?" என்று கூப்பிட்டேன். ருக்மணி என்ற அம்மா வெளியே வந்தார். என்னைச் சீட்டுக் கம்பெனி ஆள் என்று நினைத்து, "ஒண்ணும் வேண்டாமுங்க" என்று கையை ஆட்டினார். செடி பார்க்க வந்தேன் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. அரை மணி நேரம் ஒவ்வொரு செடியாகக் கூட்டிப்போய்க் காட்டினார். கிளம்பும்போது, சும்மா ஏதாவது பேச வேண்டுமே என்று, "இங்க வெச்சு வராமப் போன செடி ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஏதோ குடும்ப ரகசியத்தைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "இட்லிப்பூ மூணு தடவ வெச்சனுங்க. மூணும் எலை வெளுத்து வெளுத்துச் செத்துப்போச்சு. ரோஸு ஒரு வருசம் தாங்குமுங்க, அப்புறம் எலையோரம் கருகிப்போகும். இந்தத் தண்ணிக்கு அதெல்லாம் ஆவறதில்லீங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க, எனக்குக் கைராசின்னு இந்த லைன்ல பேரு."

என் பட்டியலின் பாதி அந்த இடத்திலேயே உதிர்ந்தது. மருத்துவமனையில் நட்டிருந்தால் வருஷத்துக்குள் எல்லாம் கருகியிருக்கும். அதைச் சொல்லித்தர ஒரு ரயில்வே குடியிருப்புக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது.

பிறகு சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்துப்போயின. போகப் போகப் பார்க்கும் முறையும் பிடிபட்டது. முன்வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. முன்வாசல் வருகிறவர்களுக்காக வைத்தது. பின்பக்கம் போய், துணி துவைக்கிற தண்ணீர் எங்கே ஓடுகிறது, அங்கே எது செழித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு தோட்டத்தை வெயில் உச்சியில் இருக்கும்போது ஒரு முறை, மழை பெய்த மறுநாள் ஒரு முறை என்று இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும். முதல் நாளே பதியன் கேட்கக் கூடாது. மோர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் முன்னால் நோட்டை எடுத்து எழுதினால் பேச்சு நின்றுவிடும். தெருமுனைக்கு வந்த பிறகுதான் எழுத வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒவ்வொன்றையும் ஒரு முறை தப்பாகச் செய்துவிட்டுத்தான் கற்றேன்.

டவுன்ஹாலுக்குப் பின்னால் நெருக்கமான சந்துகளில் ஹமீது பாய் என்று ஒருவர் இருந்தார். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற தொழில். வீட்டு நடுவே மேலே திறந்த சின்ன முற்றம், பத்தடிக்கு எட்டடி இருந்தால் அதிகம். நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் வெயில் எட்டிப் பார்க்கும். அதற்குள் நாற்பது செடி வைத்திருந்தார். தொட்டிகள் எல்லாம் நசுங்கிய குண்டான், அடி போன அண்டா. என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் மருத்துவமனை நடைபாதைகளில் வைத்த தொட்டிச் செடிகள் இருட்டில் நீண்டு வெளுத்துச் செத்துக்கொண்டிருந்த சமயம் அது.

"இங்க மட்டும் எப்படிங்க பாய் இத்தனை பச்சையா இருக்கு?"

"நீங்க கீழ இருக்கறதத்தான் பாத்தீங்க. மேல வாங்க" என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே இன்னொரு நாற்பது. அதே செடிகள்தான், அதே வகைதான்.

"அதுக வெயில் குடிச்சிட்டிருக்குதுங்க. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்து மேல இருக்கறத கீழயும், கீழ இருக்கறத மேலயும் மாத்திப்போடுவேன். வெயில நம்மால கீழ கொண்டார முடியாதுங்களே. செடியத்தான் தூக்கிட்டுப் போவோணும்."

திங்கட்கிழமையே மேடத்திடம் சொன்னேன். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு ஜோடி வாங்கினோம். ஒன்று நடைபாதையில் இருக்கும்போது மற்றது பின்கட்டு வெயிலில் இருக்கும். வாரம் ஒரு முறை மாற்றுவோம். நான் ஓய்வு பெறும்வரை அந்த நடைபாதைகளில் ஒரு செடிகூட வெளுக்கவில்லை. மேடம் ஒருநாள் தானாகவே நின்று ஓர் இலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

இந்த வெற்றிகள் என் தலைக்கு ஏறியிருந்த நேரத்தில்தான் மகிழ மரத்தின் கதை தொடங்குகிறது.

மருத்துவமனை கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு பழைய பங்களா இருந்ததாம். பங்களாவை இடித்தவர்கள் அதன் மகிழ மரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். வெளிநோயாளிகள் கட்டடத்துக்கு எதிரே நல்ல நிழல். நோயாளிகளோடு ஊரிலிருந்து வந்தவர்கள் அங்கேதான் கிடப்பார்கள். சோறு தின்பது, தூங்குவது, அழுவது எல்லாம் அந்த நிழலில்தான். மாசி பங்குனியில் காலையில் போனால் தரையெல்லாம் பூ. பெண்கள் பொறுக்கிக் கோத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார்கள்.

எல்லோரும் மண் தரையில் உட்கார்ந்திருப்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. தொண்ணூற்று மூன்றில் பெருந்துறையில் என் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன். அடுத்த வீட்டில் நாச்சிமுத்து என்று ஒருவர். விசைத்தறி மெக்கானிக்காக இருந்தவர். அவர் வாசலில் வேப்ப மரத்தைச் சுற்றி அழகாக ஒரு வட்ட மேடை. அதில் உட்கார்ந்து மோர் குடித்தேன். எத்தனை சாண் அகலம், முழங்காலுக்கு எத்தனை உயரம் என்று கையால் அளந்து, காதுகுத்துப் பத்திரிகையின் பின்பக்கத்திலேயே வரைந்துகொண்டேன். கோவை வந்ததும் மேடத்திடம் காட்டினேன்.

"பாத்ததா, கேட்டதா?"

"பாத்ததுங்க மேடம். உக்காந்தே பாத்தேன்."

அனுமதி கிடைத்தது. மகிழ மரத்தைச் சுற்றி வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்பி, உள்ளே செம்மண் நிரப்பி, ஓரத்தில் உட்காரக் கல் பதித்து, மண்ணில் பெரணியும் சின்னப் பூச்செடிகளும் வைத்தேன். தினமும் தண்ணீர். மருத்துவமனையின் சேர்மன் ஐயா வந்து பார்த்துவிட்டு, "இதுதாம்ப்பா தோட்டம்" என்றார். ஊரிலிருந்து வந்தவர்கள் முதல் தடவையாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். அதைப் பார்க்கவே வேலை நேரம் முடிந்தும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவேன்.

இரண்டு வருஷம் கழித்து மரத்தின் உச்சியில் ஒரு கிளை மஞ்சளடித்தது. அடுத்த கோடையில் பாதி மரம். பூ குறைந்தது. இலை உதிர உதிர நிழலில் ஓட்டை விழுந்தது. நான் உரம் வைத்தேன். இரும்புச் சத்துத் தெளித்தேன். வெயில் அதிகம் என்று தண்ணீரையும் கூட்டினேன். மரம் இன்னும் மோசமானது. சேர்மன் ஐயா, "மரம் போயிருச்சுன்னா வெட்டிட்டு ஸ்கூட்டர் ஸ்டாண்டு போட்றலாம், எடமாச்சும் ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

ஸ்டெல்லா மேடம் வார்டில் காய்ச்சல் குறிக்கும் அட்டை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "பேஷண்ட் பேரு மகிழ மரம்னு எழுதுங்க. தெனமும் எத்தனை தண்ணி, எத்தனை எலை உதிர்ந்துது, எந்தப் பக்கம்னு குறிங்க. அதுக்கு மேல, வியாதி வர்றதுக்கு முன்னாடி என்னென்ன மாறுச்சுன்னு எழுதுங்க. மத்த மகிழ மரமெல்லாம் எப்படி இருக்குன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அடுத்தவர் தோட்டம் தோட்டமாகத் திரிந்த எனக்கு, என் மரம் சாகக் கிடந்தபோது மட்டும் அது தோன்றவேயில்லை. கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய பிறகு போய்க் கேட்பதற்குக் கூச்சமாகிவிட்டது, அதுதான் உண்மை.

மறுபடியும் கிளம்பினேன். நொய்யல் கரைக் கோவில் ஒன்றில் ஒரு மகிழம். மேடம் போகும் சர்ச் வளாகத்தில் ஒன்று. ஹமீது பாய் என்னைத் தன் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, கபர்ஸ்தானில் நிற்கும் ஒரு பெரிய மகிழத்தைக் காட்டக் கூட்டிப்போனார். மூன்றும் செழிப்பாக இருந்தன. மூன்றுக்கும் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் வைப்பதில்லை. நோட்டில் இன்னொன்றும் குறித்திருந்தேன்: மூன்றிலும் அடிமரம் தரைக்கு வரும் இடத்தில் அகன்று, தரையில் ஊன்றிய கையின் விரல்களைப்போல வேர்கள் பிரிந்து வெளியே தெரிகின்றன.

மேடம் அந்த வரியில் விரலை வைத்தார். "அப்ப நம்ம மரத்துக்கு விரல் எங்கீங்க?"

எங்கள் மரம் தந்திக் கம்பம்போல நேராக மேடை மண்ணுக்குள் இறங்கியிருந்தது. நான் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புரட்டாசி மாதம் அது. அந்த வாரம் மேடையில் அருக்காணி என்ற அம்மா இருந்தார். ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தைக்கிற வேலை. கணவருக்குக் கால் எலும்பு முறிந்து ஒரு மாதத்துக்கு மேலாக வார்டில். அடிமரத்தில் சாய்ந்து உட்காருவது அவர் வழக்கம். அன்று காலை நான் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு வந்ததும் கூப்பிட்டார்.

"ஏனுங்க அண்ணா, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? இந்த மரத்துல பூ வாசம் வரலீங்க. வேற ஒரு வாசம் வருதுங்க."

"என்ன வாசமுங்க அம்மணி?"

"மண்டியில மூட்டைக்கு அடியில ஈரம் ஏறிப்போச்சுன்னா உள்ள மஞ்சளு ஒரு புளிச்ச நாத்தம் அடிக்குமுங்க. மேல பாத்தாத் தெரியாது. நாங்க மோந்து பாத்தே சொல்லிப்போடுவோம். இதும் அப்படித்தாங்க இருக்குது. இங்க குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. குழாயைக் கீழே போட்டுவிட்டு, மரத்தை ஒட்டியிருந்த மண்ணைக் கையால் தோண்டினேன். ஒரு சாண் போனதும் பட்டையில் விரல் பட்டது. பட்டை நனைந்த ரொட்டியைப்போல உள்ளே அமுங்கியது. விரலை வெளியே எடுத்தபோது கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அருக்காணி தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கையைக் கழுவ ஊற்றினார்.

அப்போதே மேடத்திடம் ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. நாச்சிமுத்துவின் வேப்ப மரம் நன்றாகத்தானே இருக்கிறது, அப்படியானால் குற்றம் மேடையில் இருக்க முடியாது, வேறு ஏதோ நோய் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதை உறுதி செய்துகொள்ள அன்று மத்தியானமே பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன். என் மேடை நிரபராதி என்று நிரூபிக்கத்தான் போனேன்.

நாச்சிமுத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் போய்க் கடப்பாரையை எடுத்துவந்து, மேடையின் ஒரு கல்லை நெம்பித் தூக்கினார்.

"உள்ள கைய உடுங்க."

உள்ளே மண்ணே இல்லை. நான்கு பக்கமும் குட்டைக் கல்தூண்கள், அவற்றின்மேல் பலகைக் கற்கள், அவ்வளவுதான். கற்கள் மரத்தைத் தொடவுமில்லை. சுற்றிலும் என் கை அகலத்துக்கு இடைவெளி. வேப்ப மரத்தின் வேர் விரல்கள் உள்ளே காய்ந்த தரையில் சுகமாகப் படர்ந்திருந்தன.

"மரம் பருக்குமுங்களே, அதுக்கு எடம் வேணுமில்லீங்க? அதுவுமில்லாம அடிமரத்துல மண்ணு ஏறுனா மூச்சு முட்டிப்போகுமுங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கு நீங்க அளந்ததப் பாத்தனுங்க. பெரிய ஆஸ்பத்திரித் தோட்டக்காரரு, உங்களுக்குத் தெரியாததான்னு நானும் சொல்லலீங்க. நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு வந்தேன். வெளியிலிருந்து வந்த காளான் நோய் என்று சொல்லலாம். கறையான் என்று சொல்லலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள், வேலை போனால் என்ன செய்வது என்ற பயம். கோவையில் இறங்கும்வரை அந்தப் பொய் நன்றாகவே பொருந்தியிருந்தது. மறுநாள் காலை மேடத்தின் அறைக்குள் நுழைந்ததும் அவர் எழுந்து நின்றார். நின்றுகொண்டிருக்கிற ஒருவரிடம் பொய் சொல்வது கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். வாசம், பட்டை, நாச்சிமுத்துவின் கல், என் வரைபடம். முடித்ததும் மேடம் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. நானே சொன்னேன்: "பாத்ததுதானுங்க மேடம். ஆனா அன்னிக்குப் பாதிதான் பாத்தேன். மேடை போட்டு மரத்தைக் கொன்னது நானுங்க."

அவர் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார்.

"நான் நர்ஸா இருந்தப்ப ஒருதடவை மருந்து மாத்திக் குடுத்துட்டேங்க. எங்க சிஸ்டர் சொன்னாங்க, முதல்ல டாக்டர்கிட்டச் சொல்லு, ரெண்டாவது பேஷண்ட்டைப் போய்ப் பாரு, அழறதெல்லாம் டூட்டி முடிஞ்சப்புறம். அந்த பேஷண்ட் பொழைச்சுட்டாரு. உங்க மரம் இன்னும் சாகலையே? வாங்க, சேர்மனைப் பாக்கலாம்."

சேர்மன் ஐயா முன்னால் நான் வாயைத் திறப்பதற்குள் மேடமே சொன்னார்: "நாங்க கட்டுன மேடைதான் காரணம் சார். அனுமதிச்சது நான். அடுத்த மழைக்காலம் முடியறவரைக்கும் டைம் குடுங்க." ஐயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தையில வந்து பாப்பேன். பச்சை இல்லீன்னா ஸ்டாண்டுதான்" என்றார்.

அன்று மத்தியானமே வேலையைத் தொடங்கினோம். மண்வெட்டி போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வேரில் ஒரு வெட்டு விழுந்தாலும் மரம் தாங்காது. சுவரை இடித்துவிட்டு, மண்ணை வெளியிலிருந்து உள்ளே கையாலும் சமையலறைக் கரண்டியாலும் அள்ளினோம். அடிமரத்தை நெருங்கியதும் தென்னங்குச்சியால் கிளறி எடுத்தோம். மூன்று நாள் ஆனது. அருக்காணியும் மேடையில் உட்கார இடம் போன இன்னும் நாலைந்து பேரும் யாரும் கூப்பிடாமலே வந்து மண்சட்டி தூக்கினார்கள்.

வேர் விரல்கள் வெளியே வந்தபோது சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குப் பட்டை போயிருந்தது தெரிந்தது. மேடம் அறுவைக் கூடத்தில் கழித்துப்போட்ட கத்தி ஒன்றைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொடுத்தார். அழுகிய பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, உள்ளே ஈரப்பசையோடு வெளிர்பச்சை தெரியும் இடத்தில் நிறுத்தினேன். சீவிய இடத்தை ஒரு வாரம் காற்றில் காயவிட்டேன். பிறகு மயில்துத்தமும் சுண்ணாம்பும் தனித்தனியாகக் கரைத்துக் கலந்து, பூஞ்சை ஏறாமலிருக்கக் கெட்டிப் பசையாக்கிப் பூசினேன். கீழே பட்டை போன பக்கத்துக்கு நேர் மேலே இருந்த பெரிய கிளை முழுதும் காய்ந்திருந்தது. அதை அறுத்து இறக்கினோம். தண்ணீரை அடியோடு நிறுத்தினேன். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. தோட்டக்காரன் கை சும்மா இருக்காது. தினமும் அட்டையில் 'தண்ணீர் இல்லை' என்று எழுதிவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் போவேன்.

உட்காருவதற்கு வேறு வழி செய்தாக வேண்டும். கல்தூண்களின்மேல் பலகைக் கற்கள் போட்டு, மரத்திலிருந்து மூன்றடி தள்ளி வட்டமாக இருக்கைகள் அமைத்தோம். நாச்சிமுத்து பெருந்துறையிலிருந்து தன் செலவில் பஸ் ஏறி வந்தார். ஒவ்வொரு கல்லின்மேலும் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். "இப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கேன்டீன் காபி குடித்துவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை வந்தது. மரத்தில் ஒன்றும் மாறவில்லை. கார்த்திகையிலும் இல்லை. அருக்காணியின் கணவர் ஊன்றுகோலோடு நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது அந்த அம்மா மரத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "நாத்தம் போயிருச்சுங்கண்ணா. இனி அது பொழைச்சுக்கும், நீங்க வெசனப்படாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன், நம்பவில்லை.

மார்கழி நடுவில் ஒரு காலை, பெருக்குகிற தாயம்மா என் அறைக்கு ஓடி வந்து, "சார், வந்து பாருங்க" என்றார். அறுத்த கிளைக்குக் கீழே, தடித்த பட்டையைப் பிளந்துகொண்டு, எண்ணெய் தடவியதுபோலப் பளபளவென்று இளந்தளிர் ஏழெட்டு. நான் மேடத்தைக் கூப்பிடப் போனேன். அவர் கோப்புகளை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தார். நான் பார்த்து முதல் தடவையாகக் கோப்பு இல்லாமல் வெளியே வந்தார். தை மாதம் சேர்மன் ஐயா வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரி, ஸ்டாண்டைப் பின்னால போடுங்க" என்றார்.

மரம் பழைய உருவத்துக்கு வரவேயில்லை. ஒரு பக்கம் சாய்ந்த குடைபோல இன்றும் நிற்கிறது. ஆனால் அடுத்த வருஷமே பூத்தது.

ஸ்டெல்லா மேடம் எனக்கு முன்பே ஓய்வு பெற்று மகளோடு இருக்கப் போய்விட்டார். நான் ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் என் பணிப் பதிவேட்டைக் கையெழுத்துக்காக நீட்டினார்கள். எனக்கு முதலில் தொண்ணூற்றாறாம் வருஷத்துப் பக்கத்தைப் பார்க்கத்தான் தோன்றியது. அதில் என்ன கண்டனம் இருக்குமோ என்று பல வருஷம் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். மேடத்தின் உருண்டைக் கையெழுத்தில் ஒரே ஒரு குறிப்பு: 'மகிழ மரத்தின் நோய்க்குக் காரணம் கண்டறியப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. கண்டறிந்தவர், தோட்ட மேற்பார்வையாளர்.'

காரணம் யார் என்று எழுதவில்லை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கவிதா கேட்டதால், மேடம் எழுதாமல் விட்டதை இங்கே நான் எழுதிவிட்டேன்.